பூர்வீக ஊரைத் தேடுகிறீர்களா?

பத்து காஜாவில் கெல்லி மாளிகையைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-இல் ஸ்கோட்லாந்தில் பிறந்தவர். அங்கு 1855 முதலே பிறப்புப் பதிவு கட்டாயம். அதனால் அவரின் பெற்றோர், ஊர் விவரங்களை இன்றும் தேடி எடுக்கலாம். அந்த மாளிகையைக் கட்ட உழைத்த தமிழர்களின் நிலை வேறு. இந்தியா முழுவதும் பிறப்புப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1969-இல்தான் வந்தது.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கிய நம் முன்னோரின் சுவடு பெரும்பாலும் வீட்டில்தான் உள்ளது. பழைய கடப்பிதழ், மணியார்டர் ரசீது, ஊர்க் கடிதத்தின் அஞ்சல் முத்திரை ஆகியவற்றைப் பாருங்கள்.

ஊர்ப்பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. தாலுகாவையும் குலதெய்வத்தையும் கேளுங்கள். பங்காளிகள் கூடும் இடம் குலதெய்வக் கோயில்தான். மேரு, கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பாட்டி தாத்தா உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதை இந்த வாரமே எழுதி வையுங்கள்.