ஹெச்.டி.யா, எல்.டி.யா? - ஒரு ராஜ்தூத் 350 வாங்கின கதை

சின்ன வயசுல இருந்தே எனக்கு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் கிறுக்கு உண்டு. பார்த்ததெல்லாம் புத்தகத்துலதான். தூத்துக்குடியில இருந்துகிட்டு அதுக்கு மேல ஆசைப்பட முடியாது பாருங்க.

இத்தனைக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்புல, ஜப்பான்காரன் ஓட்டிக் கழிச்ச கார்தான் தெருவெல்லாம். ஜப்பான்ல புதுக் காருக்கு மூணு வருஷத்துல ஒரு அரசாங்கச் சோதனை, அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அந்தச் செலவுக்குப் பயந்து நல்ல வண்டியையே தள்ளிவிட்டுருவாங்க. அங்கேயும் ஸ்டீயரிங் வலப்பக்கம், இலங்கையிலயும் வலப்பக்கம். 1977ல இலங்கை பொருளாதாரக் கதவைத் திறந்துவிட்டதும் அந்த வண்டிகளுக்கு ஒரு வழி கிடைச்சுது. (2020ல இறக்குமதியை நிறுத்தினதும், 2025ல மறுபடி விட்டதும் தனிக்கதை.) நமக்கோ, பழைய காரைக் கொண்டுவரணும்னா அது தயாராகி மூணு வருஷம் தாண்டியிருக்கக் கூடாது, அதுவும் மும்பைத் துறைமுகம் வழியாத்தான் இறங்கணும். 1974லயே பெரிய துறைமுகம்னு பேர் வாங்கின நம்ம ஊருக்கு உப்பும் நிலக்கரியும்தான் விதிச்சிருக்கு.

ஆக, எங்களுக்கு வாய்ச்ச ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காருக்கு ரெண்டே சக்கரம். பேர் ராஜ்தூத் 350.

ராஜ்தூத்னா பால்கார அண்ணாச்சி கேன் கட்டிப் போற வண்டிதானேன்னு கேப்பீங்க. அது 175. போலந்துக்காரன் வடிவமைப்பு. அதே எஸ்கார்ட்ஸ் கம்பெனி, ஃபரிதாபாத்ல, யமஹாவோட ஆர்.டி.350 பைக்கை உரிமம் வாங்கித் தயாரிச்சு, 1983ல ராஜ்தூத்னு ஸ்டிக்கர் ஒட்டி இறக்குச்சு. 347 சிசி, ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். புல்லட்டே ராஜான்னு நினைச்சிருந்த ஊர்ல ஆறு கியர்! அதே 1983 டிசம்பர்ல வந்த மாருதி 800க்கே 40க்கு உள்ளதான் குதிரைசக்தி. இந்த பைக்குக்கு 30.5.

ஒண்ணு சொல்லணும். ஜப்பான்ல ஆர்.டி.350 பிறந்தது 1973ல. 1976லயே அதை ஓரங்கட்டிட்டு ஆர்.டி.400 கொண்டுவந்துட்டாங்க. அதாவது நமக்குப் புதுசா வந்ததே அவங்க கழிச்சதுதான். போதாக்குறைக்கு அங்கே 39 குதிரைசக்தி இருந்ததை இங்கே 30.5ஆக் குறைச்சாங்க. முன் சக்கர டிஸ்க் பிரேக்கைக் கழட்டிட்டு டிரம் வச்சாங்க. (வேகத்தைக் குறைச்சாச்சே, பிரேக் எதுக்குன்னு நினைச்சிருப்பாங்க போல :))

அப்பவும் வண்டி பெட்ரோலைக் குடிச்சுது. லிட்டருக்கு இருபது, இருபத்தஞ்சு கிலோமீட்டர். 1985ல ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்து எண்பதுன்னு விளம்பரம் பண்ணினா யார் இதை வாங்குவா? அந்த 1985 வாக்கிலதான் எல்.டி. வந்துச்சு. லோ டார்க். அது வந்த பிறகுதான் பழசுக்கு ஹெச்.டி., ஹை டார்க்குன்னு பேர் நிலைச்சுது. என்ன வித்தியாசம்? பெரிசா ஒண்ணும் இல்ல. டூ ஸ்ட்ரோக்ல சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஓட்டைகள்தான் முக்கியம். அந்த ஓட்டைகளைச் சிறுசாக்கி, சைலன்சரையும் மாத்தினாங்க. 30.5 போய் 27 ஆச்சு. மைலேஜ் கொஞ்சம் ஏறுச்சு. அவ்வளவுதான். நாட்டோட பெட்ரோல் கவலையை ஒரு சிலிண்டர் ஓட்டையோட அகலத்துல எழுதி வச்ச மாதிரி எனக்குத் தோணும்.

அதுவும் பலிக்கலை. 1985 நவம்பர்ல அதே கம்பெனி ஆர்.எக்ஸ்.100 விட்டுச்சு. 98 சிசி, 11 குதிரைசக்தி, பஞ்சு மாதிரி எடை. ஊரே அது பின்னாடி போயிருச்சு. 1990 வாக்கில 350 நின்னு போச்சு. நின்ன பிறகுதான் அதுக்கு மவுசு கூடுச்சு.

நிற்க. என் கதைக்கு வர்றேன்.

2006. தங்கச்சி கல்யாணம் முடிஞ்சு கையில கொஞ்சம் பணம் மிஞ்சியிருந்துச்சு. ரெண்டு வண்டி விலைக்கு இருந்துச்சு. ஒண்ணு தூத்துக்குடியிலேயே, பீச் ரோட்டுப் பக்கம், 1984 மாடல் ஹெச்.டி. இன்னொண்ணு கோவில்பட்டியில, 1988 எல்.டி. ஹெச்.டி.க்கு ஏழாயிரம் கூட. எனக்கு மனசெல்லாம் ஹெச்.டி.தான். எல்.டி. வச்சிருக்கிறவனை ஹெச்.டி. வச்சிருக்கிறவன் பார்க்கிற பார்வை இருக்கே, அதுக்கே ஏழாயிரம் குடுக்கலாம்.

மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டிட்டு ரெண்டையும் பார்த்தேன். அவர் என்ஜினைப் பார்க்கவே இல்ல. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தார். ஸ்போக்கைத் தடவினார். மட்கார்டு அடியில விரலை விட்டுத் தேய்ச்சு என்கிட்ட காட்டினார். சிவப்புத் தூள்.

“தம்பி, இது உப்புக்காத்துல கிடந்த வண்டி. கோவில்பட்டிக்காரன் வண்டி கரிசக்காட்டு வெயில்ல காஞ்சு கிடக்கு, துரு இல்ல. டார்க் கீர்க்கெல்லாம் விடு, இரும்பைப் பாரு.”

டேங்க் உள்ள துரு இருந்தா அது உதிர்ந்து கார்ப்பரேட்டரை அடைக்கும். பெட்ரோல் குறைஞ்சா சூடு கூடும், பிஸ்டன் பிடிக்கும். கிராங்க் சீல் போனாலும் இதே வம்புதான். இடப்பக்க சீல் போனா காத்தை இழுத்து ஐடிலிங் தானா ஏறும். வலப்பக்கம் போனா கியர் ஆயிலைக் குடிச்சு வெள்ளையாப் புகை தள்ளும். இதையெல்லாம் அவர் அன்னைக்கே சொன்னார். நானும் தலையாட்டிட்டு, மறுநாள் தனியாப் போய் ஹெச்.டி.யை வாங்கிட்டு வந்தேன் :(

எங்க தாத்தா முத்துக்குளிப்பு ஏலத்தைப் பத்திச் சொல்வார். குளிக்கிறவங்களுக்கு மூணுல ஒரு பங்கு, மிச்சச் சிப்பி சர்க்காருக்கு. அதைக் கரையில குவிச்சு, ஆயிரம் சிப்பி இன்ன விலைன்னு ஏலம் போடுவாங்க. சிப்பியைத் திறக்காமலேதான் வாங்கணும். வாங்கினதுக்கப்புறம் அழுக விட்டு, அலசிப் பார்த்தா முத்து இருந்தா உண்டு, இல்லேன்னா நாத்தம் மட்டும். நம்ம ஊர்ல கடைசியா அப்படிக் குளிச்சது 1961ல. நான் 2006ல ஏலம் எடுத்தேன்.

எட்டு நாள் ஓடுச்சு. ஒன்பதாம் நாள் திருநெல்வேலி ரோட்டுல, வாகைக்குளம் தாண்டி ஆறாவது கியர்ல போய்க்கிட்டு இருக்கும்போது ‘கிர்ர்’னு ஒரு சத்தம். பின்சக்கரம் அப்படியே நின்னு தேய்ஞ்சுது. கிளச்சைப் பிடிச்சதால உயிர் தப்பிச்சேன். வண்டியைக் குட்டியானையில ஏத்திக்கொண்டு வந்து அண்ணாச்சி பட்டறையில இறக்கினப்போ அவர் ஒண்ணுமே சொல்லலை. அதுதான் ரொம்ப வலிச்சுது.

சிலிண்டரைக் கழட்டி மேசையில வச்சார். எதிர்பார்த்தபடி ஒரு பக்கம் பிஸ்டன் பிடிச்சிருந்துச்சு, கார்ப்பரேட்டர்ல துரு. ஆனா அவர் எக்ஸாஸ்ட் ஓட்டையையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் அலமாரியில இருந்து ஒரு பழைய சிலிண்டரை எடுத்துப் பக்கத்துல வச்சார். அந்த ஓட்டை பெரிசு, என்னோடது சிறுசு.

“தம்பி, இது எல்.டி. சிலிண்டர்லா.”

என்ஜின் நம்பர் என்னவோ ஹெச்.டி.தான். எப்பவோ யாரோ மேல இருக்கிறதை மட்டும் மாத்தியிருக்காங்க. விற்றவருக்கே தெரியுமோ தெரியாதோ. அடியில ஹெச்.டி., தலையில எல்.டி.! இவ்வளவு நாள் அதோட ‘ஹெச்.டி. இழுவை’யைத்தான் சிநேகிதங்ககிட்ட அளந்துகிட்டு இருந்திருக்கேன்.

ஹெச்.டி. சிலிண்டர் தேடவா, இதையே போர் போட்டுத் தரவான்னு கேட்டார். அதே கேள்வி ரெண்டாவது தடவை. இந்தத் தடவை அவரையே முடிவு பண்ணச் சொன்னேன். போர் போட்டு, சீல் எல்லாம் மாத்தி, டேங்கைக் கழுவித் தந்தார். ஆன செலவுல கோவில்பட்டி வண்டியை வாங்கி ஒரு வருஷம் பெட்ரோலும் போட்டிருக்கலாம். அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஆர்சி புதுப்பிச்சு இன்னமும் ஓட்டிக்கிட்டுதான் இருக்கேன். கடற்கரைப் பக்கம் போயிட்டு வந்தா நல்ல தண்ணி ஊத்திக் கழுவாம உள்ள விடுறதில்ல.

கோவில்பட்டி எல்.டி.யை ஒரு காலேஜ் பையன் வாங்கிட்டான். 2011ல மணியாச்சி ரயில்வே கேட்ல பக்கத்துல வந்து நின்னான். சைலன்சர்ல குரோம் அப்படியே பளபளன்னு இருந்துச்சு, முகம் பார்க்கலாம். என் வண்டியை மேலயும் கீழயும் ஆசையாப் பார்த்தான்.

“அண்ணே, ஹெச்.டி.யா?”

“ஆமா தம்பி”ன்னேன். கேட்டைத் திறந்துட்டாங்க.