ராபன் தீவில் ஒரு கால்பந்துச் சங்கம்

எழுபது வயதைத் தாண்டிய பிறகு டாக்டர் தினமும் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். நானும் சாக்கு சொன்னேன். மழை, வெயில், தெரு நாய், வீட்டில் இடமில்லை. கடைசிச் சாக்கை மட்டும் இப்போது சொல்வதில்லை. நெல்சன் மண்டேலாவின் தன்வரலாற்றைப் படித்ததுதான் காரணம்.

கேப் டவுனுக்கு எதிரே கடலில் இருக்கும் ராபன் தீவுச் சிறைக்கு 1964-ல் அவரைக் கொண்டுபோனார்கள். அங்கே 18 ஆண்டுகள். அவருடைய அறையின் நீளம் மூன்று எட்டு. படுத்தால் தலை ஒரு சுவரிலும் கால் எதிர்ச் சுவரிலும் முட்டும். இளமையில் குத்துச்சண்டை பழகியவர் என்பதால் உடம்பை விடவில்லை. திங்கள் முதல் வியாழன் வரை நின்ற இடத்திலேயே 45 நிமிடம் வரை ஓட்டம், விரல் நுனியில் ஊன்றி 100 தண்டால், படுத்து எழுவது 200, உட்கார்ந்து எழுவது 50. இத்தனைக்கும் பகலெல்லாம் சுண்ணாம்புக் குவாரியில் வேலை. வெள்ளைப் பாறையில் பட்டுத் தெறித்த வெயிலில் அவர் கண் கெட்டதுதான் மிச்சம்.

சாப்பாட்டிலும் நிற பேதம்தான். கறுப்பருக்கு ரொட்டி கிடையாது, இந்தியருக்கு உண்டு. கறுப்பருக்கு அரைக்கால் சட்டை, இந்தியருக்கு முழுக்கால் சட்டை. வேறென்ன, கைதிகளை ஒருவரோடொருவர் சேரவிடாமல் வைக்கும் தந்திரம்தான். அந்த இந்தியரில் நம்மவரும் உண்டு. காந்தியோடு தென்னாப்பிரிக்காவில் சிறை சென்ற தம்பி நாயுடுவை வயதானவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய பேரன் இந்திரஸ் நாயுடு இந்தத் தீவில் பத்தாண்டு கிடந்தார். வெளியே வந்து புத்தகமும் எழுதினார்.

ஆனால் நான் சொல்லவந்தது கால்பந்துக் கதை. பொதுக் கொட்டடிகளில் இருந்த கைதிகள் ஆரம்பத்தில் சட்டைகளைச் சுருட்டிக் கட்டி, அறைக்குள்ளேயே ஒளித்து விளையாடினார்கள். பிறகு, வெளியே ஆட அனுமதி வேண்டும் என்று வாராவாரம் ஒருவர் எழுந்து கேட்பது என்று வைத்துக்கொண்டார்கள். கேட்டவருக்கு அடியும் பட்டினியும் கிடைத்தது. அடுத்த வாரம் இன்னொருவர் எழுந்து கேட்டார். இப்படியே மூன்று வருடம்! செஞ்சிலுவைச் சங்கத்தாரும் வந்து பார்த்துச் சொன்ன பிறகு, 1967 கடைசியில் சனிக்கிழமைதோறும் அரை மணி நேரம் கிடைத்தது. கல்லுடைத்துக் காய்த்துப்போன கைகளாலேயே மைதானத்தைச் சமன் செய்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. 1969-ல் 'மகானா கால்பந்துச் சங்கம்' என்று ஒன்றை முறைப்படி தொடங்கினார்கள். மகானா என்பவர் வெள்ளையரை எதிர்த்ததற்காக இதே தீவில் அடைக்கப்பட்டு, தப்பும்போது கடலில் மூழ்கி இறந்த கோசா இனத் தலைவர். சிறை நூலகத்தில் இருந்த ஃபிஃபா விதிப்புத்தகம்தான் அவர்களுக்கு வேதம். மூன்று பிரிவுகளாக அணிகள், நடுவர்களுக்குத் தேர்வு, ஒழுங்குக் குழு எல்லாம் இருந்தன. ஒரே வளாகத்தில் அடைபட்டுக் கிடந்தவர்கள், ஆட்டத்தில் தகராறு என்றால் "ஐயா" என்று தொடங்கி ஒருவருக்கொருவர் புகார்க் கடிதம் எழுதினார்கள். பதில் கடிதமும் போனது. நம் அலுவலகக் கோப்புகள் தோற்றுவிடும் போங்கள்! அந்தக் காகிதங்கள் பெட்டி பெட்டியாக இன்றும் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ஏ.என்.சி., பி.ஏ.சி. என்ற இரு கட்சிக்காரர்கள் வெளியில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். தனித்தனியே கட்சிக்கொரு அணி என்றுதான் முதலில் இருந்தது. பிறகு மனோங் என்ற அணி, ஆள் எந்தக் கட்சி என்று பாராமல் ஆடத் தெரிந்தவரையெல்லாம் சேர்த்துக்கொண்டது. எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

ரேஞ்சர்ஸ் அணியில் ஆடி, நடுவராகவும் இருந்த ஜேக்கப் ஜூமா பின்னாளில் குடியரசுத் தலைவரானார். (அப்புறம் அவர் பெயர் கெட்ட கதை வேறு.) 15 வயதில் கைதாகி வந்த டிக்காங் மொசெனெக்கே சங்கத்தின் தலைவராக இருந்தார். சிறையிலேயே படித்து வக்கீலாகி, 1993-ல் நாட்டின் இடைக்கால அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் இடம்பெற்று, துணைத் தலைமை நீதிபதி வரை உயர்ந்தார்.

மண்டேலா மட்டும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. தனிக் கொட்டடிக்காரர்களுக்கு அனுமதி இல்லை. சிலகாலம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் பொறுக்காமல் நடுவில் ஒரு சுவர் எழுப்பிவிட்டார்கள். 2007 ஜூலை 18 அன்று மகானா சங்கத்தை ஃபிஃபா கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அன்று மண்டேலாவின் 89-வது பிறந்தநாள்.