மின்வாயும் புரதமும்: ஓர் அளவீட்டின் வரலாறு

விஞ்ஞானக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் நுண்மை பெருகிவந்த வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஆயின், நுண்ணிதாக அளப்பது வேறு. அளக்கவேண்டியதையே அளப்பது வேறு. இவ்வேறுபாட்டை மின்னிரசாயன உயிருணரிகளின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது. உயிர்ப்பொருளொன்றின் துணைகொண்டு ஒரு பதார்த்தத்தின் அளவை மின்னோட்டமாக உணர்த்தும் கருவியே உயிருணரி எனப்படும்.

தொடக்கத்திற் புரதம் மின்வாயின் பகையாகவே இருந்தது. குருதியிலுள்ள ஒட்சிசனை அளக்கப் பிளாற்றின மின்வாயைப் பயன்படுத்தியபோது, குருதிப் புரதங்கள் அதன் மேற்பரப்பிற் படிந்து அளவீட்டைக் குலைத்தன. அமெரிக்கரான லீலண்ட் கிளாக், மின்வாயை மென்சவ்வினால் மூடினார். ஒட்சிசன் அதனூடே புகும்; புரதம் புகாது. இவ்வமைப்பை அவர் 1956இல் வெளியிட்டார்.

1962இற் கிளாக்கும் சாம்ப் லயன்சும் புரதத்தையே துணைக்கழைத்தனர். குளுக்கோசு ஒட்சிடேசு என்னும் நொதியமும் ஒரு புரதமே. அது குளுக்கோசுடன் தாக்கமுறுகையில் ஒட்சிசன் குறையும். ஐதரசன் பேரொட்சைட்டு தோன்றும். இம்மாற்றத்தை மின்வாய் அளக்கும். 1967இல் அப்டைக்கும் ஹிக்சும் அந்நொதியத்தை ஜெல் படையொன்றிற் சிறைப்படுத்தி மின்வாயின்மேல் நிலைநிறுத்தினர். நீரிழிவு நோயாளர் ஒரு துளிக் குருதியிற் குளுக்கோசின் அளவை அறிவது இம்மரபின் பயனேயாகும்.

மூளையாராய்ச்சியில் இவ்வழி கடினமாயிருந்தது. 1973இற் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் றால்ஃப் அடம்ஸ் குழுவினர் எலியின் மூளையிற் காபன் மின்வாயைச் செலுத்தி அளந்தனர். 1978இற் பிரான்சிய ஆய்வாளரான கோனோன் குழுவினர் சில மைக்ரோமீற்றர் விட்டமுடைய காபன் நாரையே மின்வாயாக்கினர். நுண்மை கைகூடிற்று, ஐயம் தீரவில்லை. டோபமினும் அசுக்கோபிக்கமிலமும் வெற்றுக் காபனில் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் ஒட்சியேற்றமடைவன. மூளையிற் பின்னதன் செறிவோ பன்மடங்கு அதிகம். ஆகவே, டோபமினுக்குரியதெனக் கருதப்படும் மின்னோட்டம் அசுக்கோபிக்கமிலத்தினுடையதாகவும் இருக்கலாம் என்பதை ஆய்வாளர் எதிர்கொள்ள நேர்ந்தது.

குளுட்டமேற்றின் நிலை வேறு. அது மின்வாயில் எளிதில் ஒட்சியேற்றமடையாது. எனவே, அதற்குரிய ஒட்சிடேசு நொதியத்தைக் காபன் நுண்மின்வாயிற் பூசினர். 1990களில் அசுக்கோபேற்று ஒட்சிடேசும் அப்பூச்சிற் சேர்க்கப்பட்டது. அது அசுக்கோபிக்கமிலத்தை மின்வாயை அடையுமுன்னரே அகற்றியது. குளுட்டமேற்றுக்குரிய நொதியம் மட்டும் பூசப்படாத மின்வாயொன்றாலும் அளந்து, இரண்டையும் ஒப்பிடும் முறையும் கையாளப்பட்டது. எனினும், பூச்சுத் தடித்தால் மின்வாயின் துலங்கல் தாமதமாகும் என்னும் இடர்ப்பாடு எஞ்சியே நின்றது.

ஆக, விலக்கப்பட்ட புரதமே ஈற்றிற் காவலாயிற்று. கருவியின் கூர்மையினால் மட்டும் இம்முன்னேற்றம் விளையவில்லை. கருவி காட்டியதை ஐயுற்று நோக்கிய ஆய்வாளரின் நேர்மையே அதற்கு அடிப்படையாய் அமைந்தது எனலாம்.