கடைசிப் பக்கத்து விளம்பரம்

2010-ஆம் வருடம், ஆடி மாதம் என்று நினைவு. கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முகவரிக்கு கூகுள் பெயர் போட்ட ஒரு தபால் வந்தது. உள்ளே ஆறு இலக்க எண் ஒன்று, அதை என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி. அவ்வளவுதான். நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தபாலைப் பிரித்த சித்தப்பா போன் செய்தார்.

"எப்பா, உன் பேருக்கு ஒரு நம்பர் வந்திருக்கு. லாட்டரி ஏதும் வாங்குனியா?"

விளக்கினேன். இணையத்தில் எழுதுகிறேன், பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் வருகிறது, யாராவது அதைச் சொடுக்கினால் எனக்குக் காசு. கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் முகவரி உண்மையா என்று பார்க்க இந்த எண்ணை அனுப்புவார்கள். நூறு டாலர் சேர்ந்தால் பணம் வரும். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். எண்பதுகளில் நண்பர்களுடன் சேர்ந்து ஒரு சிற்றிதழ் நடத்தியவர் அவர். பதினோரு இதழ்கள் வந்தன. எல்லாவற்றிலும் கடைசிப் பக்கத்தில் உள்ளூர் ஜவுளிக்கடை ஒன்றின் விளம்பரம். கடைக்காரர் விளம்பரத்தை நிறுத்தினார், இதழும் நின்றது. ஆகவே அடுத்து அவர் கேட்டது தொழில் தெரிந்தவரின் கேள்வி.

"சரி, விளம்பரம் குடுக்கிறவரு யாரு?"

"தெரியாது சித்தப்பா. நிமிஷத்துக்கு ஒருத்தர் மாறுவாங்க."

"நீ எழுதினத அவரு படிச்சாரா?"

"அவர் எங்க படிக்கப் போறார். மெஷின்தான் படிக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எங்க ஜவுளிக்கடைக்காரரும் படிக்கல. ஆனா பொஸ்தகத்த கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல வச்சிருந்தாரு" என்றார்.

எழுத்துக்குக் காசு கொடுப்பவர் யார், அவர் அதைப் படிக்கிறாரா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பத்திரிகைகளின் வரலாற்றில் பாதி வந்துவிடும். இணையத்தின் வரலாற்றில் முக்கால்வாசி.

காசு கொடுத்தவர்கள்

இந்தியாவின் முதல் செய்தித்தாள் 1780 ஜனவரி 29-ஆம் தேதி கல்கத்தாவில் வந்தது. ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி நடத்திய 'பெங்கால் கெஸட்'. அதற்கு இன்னொரு பெயரும் உண்டு: 'கல்கத்தா ஜெனரல் அட்வர்டைசர்'. நம் ஊர்ப் பத்திரிகை பிறக்கும்போதே பெயரில் விளம்பரத்தைச் சுமந்துகொண்டுதான் பிறந்தது.

1833-இல் நியூயார்க்கில் பெஞ்சமின் டே என்ற அச்சகக்காரர் 'சன்' பத்திரிகையை ஒரு சென்ட்டுக்கு விற்றார். மற்ற நாளிதழ்கள் ஆறு சென்ட். அச்சுக் கூலிக்கே பத்தாத விலை. ஆனால் அவர் விற்றது பத்திரிகையை மட்டும் இல்லை. வாங்கும் கூட்டத்தைக் காட்டி விளம்பரதாரரிடம் காசு வாங்கினார். வாசகருக்குச் செய்தியை விற்பது ஒரு வியாபாரம், விளம்பரதாரருக்கு வாசகரை விற்பது இன்னொரு வியாபாரம். இரண்டாவதுதான் பெரியது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

தமிழில் இதற்கு ஓர் அழகான உதாரணம் எஸ்.எஸ். வாசன். திருத்துறைப்பூண்டிக்காரர். சென்னையில் விளம்பரத் தொழிலும் தபால் வழி வியாபாரமும் செய்துகொண்டிருந்தார். பூதூர் வைத்தியநாதய்யர் 1926-இல் தொடங்கிய 'ஆனந்த விகடன்' பத்திரிகைக்கு விளம்பரம் கொடுத்துவந்தவர். ஒரு மாதம் இதழ் வரவில்லை. ஏன் என்று விசாரிக்கப் போனவர், 1928-இல் பத்திரிகையையே 200 ரூபாய்க்கு வாங்கினார். பெயரில் எட்டு எழுத்து, எழுத்துக்கு 25 ரூபாய் என்று கணக்குச் சொல்வார்கள். தமிழின் மிகப் பெரிய வார இதழ்களில் ஒன்றைக் கட்டி எழுப்பியவர் கடைசிப் பக்கத்தின் வழியாக உள்ளே வந்தவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. அவர் வாசகர், விளம்பரதாரர், முதலாளி எல்லாமும் ஒரே ஆள். அப்படி ஒருவரை இணையம் நமக்குத் தரவில்லை.

ஒரு சொடுக்கின் விலை

இணையத்தின் முதல் பட்டை விளம்பரங்கள் 1994 அக்டோபர் 27-ஆம் தேதி 'ஹாட்வயர்ட்' தளத்தில் வந்தன. அதில் பெயர்பெற்றது ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்துடையது. பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் அதைச் சொடுக்கினார்கள் என்பார்கள். இன்று இத்தகைய விளம்பரங்களுக்கு ஒரு சதவீதம் கிடைத்தாலே கொண்டாட்டம்தான். அன்று மக்களுக்கு அது விளம்பரம் என்பதைவிட, தொட்டால் எங்கேயோ போகும் ஒரு கதவு.

அப்போதெல்லாம் பத்திரிகைக் கணக்குதான். இத்தனை பேர் பார்ப்பார்கள், இத்தனை பணம். 1998-இல் பில் கிராஸ் என்பவர் இதை மாற்றினார். அவருடைய 'கோடூ.காம்' தேடுபொறியில் ஒவ்வொரு சொல்லும் ஏலத்துக்கு வந்தது. அதிகம் கேட்பவர் மேலே வருவார், யாராவது சொடுக்கினால் மட்டும் காசு கொடுத்தால் போதும். தேடல் முடிவையே விற்கிறாயா என்று பலர் முகம் சுளித்தார்கள். கூகுள் 2000-இல் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-இல் ஏல முறைக்கு வந்தபோது அதில் ஒரு திருத்தம் செய்தது: கேட்ட விலை மட்டும் போதாது, மக்கள் அந்த விளம்பரத்தை எவ்வளவு சொடுக்குகிறார்கள் என்பதும் சேர்ந்துதான் இடத்தைத் தீர்மானிக்கும். கிராஸின் நிறுவனம் அதற்குள் 'ஓவர்ச்சர்' என்று பெயர் மாறியிருந்தது. காப்புரிமை வழக்குப் போட்டது. 2004-இல் அதன் புது முதலாளியான யாஹூவுக்கு கூகுள் 27 லட்சம் பங்குகளைக் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இதுவரை நம்மைப் போன்ற எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதையில் இடமில்லை. 2003-இல்தான் இடம் வந்தது. அந்த வருடம் பிப்ரவரியில் 'பிளாகர்' சேவையை நடத்திய பைரா லேப்ஸை கூகுள் வாங்கியது. ஏப்ரலில் 'அப்ளைட் செமான்டிக்ஸ்' என்ற நிறுவனத்தை 102 மில்லியன் டாலருக்கு வாங்கியது. ஒரு பக்கத்தில் இருக்கும் சொற்களைப் பார்த்து அது எதைப் பற்றியது என்று கணிக்கும் மென்பொருள் அவர்களிடம் இருந்தது. ஜூன் மாதம் 'ஆட்சென்ஸ்' எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. எழுதும் இடம் இலவசம், விளம்பரம் தேடி அலைய வேண்டாம், நாலு வரி நிரலை ஒட்டினால் போதும்.

சித்தப்பா ஜவுளிக்கடைத் திண்ணையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த வேலையை ஒரு இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஆக்ராவிலிருந்து எழுதிய அமித் அகர்வால் போன்றவர்கள் இதைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டார்கள். 2004-இல் வேலையை விட்டு முழுநேரமும் வலைப்பதிவு எழுத வந்தவர் அவர். அவருடைய பேட்டிகளைப் படித்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடந்த இன்ஜினியரிங் மாணவர்களில் நானும் ஒருவன்.

ஒரு விஷயம் யாரும் அப்போது பெரிதாகக் கேட்கவில்லை. விளம்பரதாரர் கொடுக்கும் காசில் எழுதுகிறவருக்கு எத்தனை பங்கு? 68 சதவீதம் என்று கூகுள் வெளியே சொன்னது 2010 மே மாதம். அதாவது ஏழு வருடம், தன் கூலி எந்தக் கணக்கில் வருகிறது என்று தெரியாமலே உலகம் முழுக்க வேலை பார்த்தார்கள்.

தமிழ் படிக்காத இயந்திரம்

2009-இல் கடைசி வருடம் படிக்கும்போது தமிழில் ஒரு வலைப்பதிவு தொடங்கினேன். தீப்பெட்டி லேபிள்களைப் பற்றி. எங்கள் ஊர்ப் பக்கம் தீப்பெட்டி ஒட்டாத வீடு குறைவு. அந்தப் படங்களும் அச்சுக்கூடங்களும் கிழவிகள் சொன்ன கதைகளுமாக ஐம்பது பதிவுக்கு மேல் எழுதினேன். அப்போது தமிழில் எழுதுவது எளிதாகிவிட்டிருந்தது. ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டு அடித்துக்கொண்ட காலம் போய் யூனிகோட் வந்துவிட்டது. இ-கலப்பையும் என்.எச்.எம். ரைட்டரும் தட்டச்சைச் சுலபமாக்கின. 2004-இல் வந்த தமிழ்மணம் திரட்டி புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டியது. வாசகர்கள் வந்தார்கள், சண்டை போட்டார்கள், பாராட்டினார்கள். காசு மட்டும் வரவில்லை.

காரணம் எளிது. ஆட்சென்ஸ் ஏற்றுக்கொண்ட மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் பொருத்தமான விளம்பரம் கிடைக்காத பக்கங்களில் அப்போது பொதுநல விளம்பரங்கள் வந்து உட்காரும். அதற்குப் பைசா கிடையாது. தமிழ்ப் பக்கமோ இந்த வரிசையிலேயே நிற்க முடியாது.

ஒரு மென்பொருள்காரனாக யோசித்தால் இரண்டு சிக்கல் தெரிகிறது. ஒன்று, நம் சொற்கள் ஒட்டிக்கொண்டே போகும். வீடு, வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீடுகளையும் என்று ஒரே சொல் பத்து வேஷம் போடும். இதை இயந்திரத்துக்குப் புரியவைப்பது வேலைதான், ஆனால் முடியாத வேலை இல்லை. இரண்டாவதுதான் கனமானது. ஏலம் என்றால் கேட்க ஆள் வேண்டும். 'வீட்டுக் கடன்' என்ற தமிழ்ச் சொல்லுக்கு விலை கேட்க யாரும் வராதவரை அதைப் புரிந்துகொள்ள எந்த நிறுவனத்துக்கு அவசரம்? இந்தி 2014 டிசம்பரில் பட்டியலில் சேர்ந்தது. வங்காளம் 2017-இல். தமிழ் 2018 பிப்ரவரியில். தொடங்கிப் பதினைந்து வருடம் ஆகப்போகும்போது.

அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதற்கு நானே சாட்சி. 2010 ஆரம்பத்தில் தீப்பெட்டி லேபிள்களை அப்படியே விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குப் போனேன்.

கல்விக் கடன்

எந்தச் சொல்லுக்கு விலை அதிகம் என்று பார்க்கும் கருவிகள் இருந்தன. காப்பீடு, கடன், வக்கீல். நான் தேர்ந்தெடுத்தது கல்விக் கடன். எனக்கு அதைப் பற்றித் தெரியாது. அப்பா பி.எஃப். பணத்தை எடுத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். பத்துத் தளங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வாக்கியங்களை மாற்றி மாற்றி எழுதினேன். ராத்திரிக்கு இரண்டு பக்கம். நாற்பது பக்கம் ஆனதும் கோவில்பட்டிக்கு அந்தத் தபால் வந்தது.

நான் தனி ஆள் இல்லை. இதையே ஒரு தொழிற்சாலையாக நடத்தியவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவின் 'டிமாண்ட் மீடியா' எந்தக் கேள்விக்கு விளம்பர விலை இருக்கிறது என்று கணக்குப் போட்டு, கட்டுரைக்கு 15 டாலர் அளவில் கொடுத்து எழுதி வாங்கியது. 2011 ஜனவரியில் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தின் மதிப்பைத் தாண்டியது.

அந்த மாதங்களில்தான் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். என் பெயரைப் பார்த்து தமிழன் என்று தெரிந்துகொண்டிருக்கிறார். மகளுக்குக் கல்விக் கடன் வாங்கியவர். படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது என்று நீங்கள் எழுதியதை நம்பி இருந்தேன், இப்போது வங்கிக் கணக்கில் வட்டி ஏறிக்கொண்டே போகிறது, யாரைப் பார்ப்பது என்று கேட்டிருந்தார்.

போய்ப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து வந்திருந்தது. மற்றவர்களுக்கு அந்தக் காலத்திலும் வட்டி உண்டு. வாக்கியத்தைச் சுருக்கும்போது நிபந்தனையை விட்டுவிட்டேன். 'வட்டி இல்லாக் கடன்' என்றால் தேடுகிறவர்கள் நிறைய வருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எது முதலில் வந்தது, மறதியா, ஆசையா என்று இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

வருமானத்தைக் கேட்டு எழுதினேன். நாலரை லட்சத்துக்கு மேல். விதியைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பதில் வந்தது: "பரவாயில்ல சார். நீங்க எந்த பேங்க்ல வேலை பாக்குறீங்க?"

அதற்கு நான் பதில் எழுதவில்லை.

அந்தப் பக்கத்தைச் சரிசெய்தேன். மற்ற முப்பத்தொன்பதையும் சரிபார்க்க எனக்கு அறிவும் இல்லை, நேரமும் இல்லை. எல்லாவற்றையும் அழித்தேன். அடுத்த சில வாரங்களில், 2011 பிப்ரவரி இறுதியில், இந்த மாதிரிச் சக்கைப் பக்கங்களைக் கீழே தள்ள கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. 'பாண்டா' என்று பெயர். அமெரிக்கத் தேடல்களில் சுமார் 12 சதவீதம் பாதிக்கப்பட்டது. டிமாண்ட் மீடியா அதன் பிறகு பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை. நான் முந்திக்கொண்டேன் என்று பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. அந்தச் சக்கைக்கு இடம் கொடுத்ததும் காசு கொடுத்ததும் அதே இயந்திரம்தான், ஆனால் அதில் என் கையும் இருந்தது.

இன்னும் யார் படிக்கிறார்கள்?

2009 மார்ச்சிலேயே இன்னொரு மாற்றம் தொடங்கியிருந்தது. நான் கவனிக்கவில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதோடு, பார்ப்பவர் இதற்கு முன் எங்கெல்லாம் போனார் என்பதையும் வைத்து விளம்பரம் காட்ட கூகுள் ஆரம்பித்தது. நீங்கள் தீப்பெட்டியைப் பற்றிப் படித்தாலும் நேற்றுப் பார்த்த செருப்பு கூடவே வரும். என் எழுத்தை இயந்திரமாவது படிக்கிறது என்று சித்தப்பாவிடம் சொன்னேன் அல்லவா, அது அப்போதே பாதிதான் உண்மை. அது உங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

இப்போது 2024 முதல் கூகுள் தேடலின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு பதிலைச் சுருக்கிச் சொல்கிறது. பத்துத் தளங்களைத் திறந்து வைத்து வாக்கியங்களை மாற்றி எழுதும் வேலை. நான் ராத்திரி ராத்திரியாகச் செய்த அதே வேலை. அங்கேயும் சில நிபந்தனைகள் சுருக்கத்தில் விடுபடுகின்றன. அதற்கு மின்னஞ்சல் எழுதி யாரைப் பார்ப்பது என்று கேட்க முடியாது.

பக்க வருமானம் தேடி எழுத வரும் தம்பி தங்கைகள் இன்றும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்வதில்லை. வாசனும் விளம்பரக்காரர்தான், காசு வந்ததால் யாருடைய எழுத்தும் கெட்டுப்போய்விடாது. ஒன்று மட்டும் சொல்வேன்: காசு கொடுப்பவர் உங்களைப் படிக்கப்போவதில்லை, படிப்பவர் காசு கொடுக்கப்போவதில்லை, ஆனால் படிப்பவர் ஒருவேளை நம்பிவிடுவார்.

தமிழும் பட்டியலில் சேர்ந்த செய்தியை 2018-இல் சித்தப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப உன் தீப்பெட்டிக்கு இப்ப காசு வருமா?"

"வரலாம். நான் விளம்பரம் போடல."

"ஏன், போட்டா என்னவாம்? கடைக்காரரு நிறுத்தலேன்னா நாங்க பன்னெண்டாவது இதழ் போட்டிருப்போம்" என்றார்.

அவர் சொன்னதும் சரிதான். அந்தப் பன்னிரண்டாவது இதழுக்கான கையெழுத்துப் பிரதிகள் இன்னும் அவர் பெட்டியில் இருக்கின்றன. போன பொங்கலுக்குப் போனபோது ஒவ்வொன்றாகப் படம் எடுத்துத் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தை மட்டும் என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.