இரண்டு வாக்குகளில் தவறிய பதவி

நம் நாட்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் நியமனத்திற்குப் பாராளுமன்றத்தின் ஒப்புதல் கேட்கப்படுவதில்லை. அமெரிக்காவிலோ செனட் சபையின் இசைவு இன்றியமையாதது. 1949-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் அம்முறையைக் குறிப்பிட்டு, அது அரசியல் நிர்ப்பந்தத்திற்கு இடந்தரும் என்று கூறி விலக்கினார். அந்நிர்ப்பந்தம் எத்தகையது என்பதை அறிய, 1930-இல் வாஷிங்டனில் நிகழ்ந்த ஒரு போராட்டத்தை நோக்கலாம்.

அவ்வாண்டு மார்ச்சில் ஜனாதிபதி ஹூவர், வட கரோலினாவைச் சேர்ந்த ஜான் பார்க்கரின் பெயரைச் செனட்டுக்கு அனுப்பினார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பணியாற்றிவந்த அவருக்கு அப்போது வயது 44.

தொழிலாளர் சங்கங்கள் முதலில் எதிர்த்தன. சங்கத்தில் சேருவதில்லை என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்க்கே சுரங்கத்தில் வேலை என்ற முறைக்கு, 1927-இல் பார்க்கர் எழுதிய தீர்ப்பு பாதுகாப்பளித்திருந்தது. உச்ச நீதிமன்றம் முன்னரே வகுத்த வழியில்தான் அவர் சென்றார். கீழ் நீதிமன்றத்தார் வேறென்ன செய்திருக்க இயலும்?

மற்றக் குற்றச்சாட்டுக்கு அத்தகைய சமாதானம் இல்லை. 1920-இல் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டபோது, கறுப்பின மக்கள் அரசியலில் பங்குகொள்வது இரு இனத்தார்க்கும் தீங்கு என்று பார்க்கர் பேசியிருந்தார். கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் வால்டர் ஒயிட், அப்பேச்சை வெளியிட்ட பழைய பத்திரிகைச் செய்தியைத் தேடிக் கொணர்ந்தார். அது மெய்தானா என்று தந்தி மூலம் கேட்டதற்குப் பார்க்கரிடமிருந்து மறுமொழி இல்லை. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களில் பெரும்பாலோருக்கு வாக்களிக்க வழியில்லை. ஆனால், பிழைப்பை நாடி வடக்கே குடியேறியவர்கள் அங்கே வாக்காளர்களாகிவிட்டனர். ஊரில் இருந்த உறவினரால் சொல்ல இயலாததை அவர்கள் செனட்டர்களுக்குச் சொன்னார்கள்.

மே 7-ஆம் நாள் ஆதரவாக 39 வாக்குகளும் எதிராக 41 வாக்குகளும் விழுந்தன. அம்மாதத்திலேயே ஓவன் ராபர்ட்ஸ் என்பவர் எதிர்ப்பின்றி அவ்விடத்தைப் பெற்றார்.

செனட் செய்தது சரிதானா? 1940-இல் நார்ஃபோக் நகரக் கறுப்பின ஆசிரியர்களுக்குச் சமச் சம்பளம் மறுப்பது அரசியல் சட்டத்திற்கு முரண் என்று தீர்ப்பெழுதியவர் இதே பார்க்கர்தான். தோல்வி அவரைத் திருத்தியதா, அன்றி முதலிலேயே அவரைத் தவறாக எடைபோட்டனரா என்று வியக்கத் தோன்றும். எனினும் 1955-இல் அவர் அங்கம் வகித்த நீதிமன்றம், இனப் பாகுபாட்டை அரசியல் சட்டம் தடுக்கிறதேயன்றிப் பள்ளிகளில் இரு இனத்தாரையும் ஒன்றுசேர்க்கக் கட்டளையிடவில்லை என்றது. தென் மாநிலங்கள் அவ்வாசகத்தைப் பல ஆண்டுகள் கேடயமாக ஏந்தின. எதிர்த்தவர்களின் ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று என்றே நான் கருதுகிறேன்.

நியூரம்பர்க் விசாரணையில் மாற்று நீதிபதியாக அமர்ந்த பார்க்கர், 1958-இல் காலமாகும்வரை அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்திலேயே பணியாற்றினார்.