புகைமண ஸ்காட்ச் கொக்டெயில்

புகைமணம் ஏறிய ஸ்காட்ச் விஸ்கியையும், இனிப்பும் மூலிகை வாசமும் கூடிய லிக்கியூர் வகையையும் ஐஸ் கட்டியோடு சேர்த்து, நீண்ட கரண்டியால் கலக்கிப் பரிமாறும் மதுபானம். இவ்வகையில் பேர்போனது 'ரஸ்டி நெயில்'. சர்வதேசப் பார்டெண்டர் சங்கத்தின் அளவுப்படி அதில் 45 மி.லீ. ஸ்காட்சும், விஸ்கியோடு தேனும் மூலிகையும் சேர்த்துச் செய்யும் 25 மி.லீ. டிராம்பூயியும் சேரும்.

இலங்கையின் ஊவா மாகாணத்துக்கு ஸ்காட்ச் வந்த வழி தேயிலையோடு ஒட்டியது. இலங்கைத் தோட்டத் துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் பலர். கிளாஸ்கோவில் பிறந்த தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு அருகே தம்பேதென்ன தோட்டத்தை வாங்கினார். பண்டாரவளை ஹோட்டல் 1893இல் துரைமார் கூடும் இடமாக எழுந்தது. 1924இல் ரயில் பாதை பதுளை வரை நீண்டது. கிளப்பிலும் பங்களாவிலும் விஸ்கி துரையின் பானம். அதை ஊற்றிக்கொடுத்த கைகள் தமிழ் வேலையாட்களுடையவை. லயக் குடியிருப்புகளில் இருந்த தொழிலாளருக்கோ தவறணைச் சாராயமும் கள்ளும், பின்னாளில் திருட்டுத்தனமாகக் காய்ச்சிய கசிப்பும்தான். 1927 நவம்பரில் பதுளை வரை வந்த காந்தியடிகள் மலையகக் கூட்டங்களில் குடியை விடும்படி தொழிலாளரைக் கேட்டுக்கொண்டார். அந்தக் குடியால் அழிந்த குடும்பங்களைச் சொல்லாமல் இந்த மண்ணில் மதுவின் கதையை எழுத முடியாது.

விஸ்கியின் புகைமணம் பீப்பாயிலிருந்து வருவதல்ல, சூளையிலிருந்து வருவது. முளைவிட்ட பார்லியை உலர்த்தும்போது, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் என்ற மக்கு மண்ணை எரிப்பார்கள். அதன் புகையிலுள்ள பீனோல் சேர்மங்கள் தானியத்தில் படிந்து, வடித்த பிறகும் தங்கிவிடும். ஐலா தீவின் லஃப்ரோய்க், ஆர்ட்பெக், லகவூலின் ஆகியவற்றில் இந்த வாசம் மருந்து நெடிபோலத் தூக்கலாக இருக்கும்.

இதே புகை ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலையில் குற்றம். நொதித்த கொழுந்தை உலர்த்தும் இயந்திரத்துக்குச் சூடான காற்றுதான் போக வேண்டும். விறகடுப்பின் புகை போகக் கூடாது. அடுப்புக் குழாயில் சிறு வெடிப்பு விழுந்தாலும் புகை இலையில் ஏறிவிடும். கொழும்பில் சுவை பார்ப்பவர் ஒரு வாய் உறிஞ்சியதுமே கண்டுபிடித்துவிடுவார், ஏலத்தில் விலை விழும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றில் காய்ந்து வரும் ஊவாத் தேயிலையின் பெருமை, மென்தோல் போன்ற அதன் குளிர்ந்த மணம். புகை அதை மூடிவிடும். போத்தலில் காசு கொடுத்துத் தேடிய வாசத்தையே தன் தொழிற்சாலையில் துரை துரத்தவேண்டியிருந்தது.

கலக்குவதில் கவனிக்க வேண்டியது ஐஸ்தான். பெரிய, கெட்டியான கட்டிகளைக் கண்ணாடிக் குவளையில் நிரப்பி, மதுவை ஊற்றி, கரண்டியின் முதுகு குவளைச் சுவரை உரசியபடி இருக்க 25 முதல் 30 விநாடி சுழற்ற வேண்டும். பானம் குளிர்வதோடு ஐஸ் உருகிய நீரும் அதில் கலக்கும். ஊற்றிய மதுவில் ஏறத்தாழ கால் பங்கு நீர் சேர்ந்தால்தான் காட்டம் அடங்கி மணம் விரியும். மதுவகைகள் மட்டும் சேரும் கலவையைக் குலுக்கக் கூடாது. காற்றுக் குமிழ் புகுந்து கலங்கிவிடும். கடும் புகை விஸ்கி என்றால் லிக்கியூரை 15 மி.லீக்கு மேல் விடாமல் இருப்பது நல்லது, இல்லாவிட்டால் தேனும் புகையும் ஒன்றையொன்று அமுக்கும். கடைசியில் எலுமிச்சைத் தோலைப் பிழிந்து அதன் எண்ணெயை மேலே தெளிப்பார்கள்.

உள்ளூர்ச் சரக்கில் இதற்கு நெருங்கி வருவது, ஹல்மில்ல மரப் பீப்பாயில் முதிர்ந்த தென்னஞ் சாராயமும் கித்துள் பாணியும். விறகடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சுவதால் நல்ல கித்துள் பாணியில் மெல்லிய புகைவாசம் தானாகவே இருக்கும். 60 மி.லீ. சாராயத்துக்கு ஒரு தேக்கரண்டி பாணி போதும். பாணி கெட்டி என்பதால் முதலில் சிறிது வெந்நீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். டிராம்பூயி கிடைக்காத ஊரில் ஒப்புக்குச் செய்யும் பானமல்ல இது. தனிச் சுவை உடையது.

இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. போயா என்னும் பௌர்ணமி தினங்களில் மதுக்கடைகள் மூடப்படும்.