நீரில் மக்கும் தன்மைச் சோதனை: அடையாறு முகத்துவாரத்தை முன்வைத்து

நீரில் கலந்த வேதிப்பொருளை நுண்ணுயிரிகள் உண்டு சிதைக்கின்றனவா, எவ்வளவு விரைவில் என்பதை அளப்பதே மக்கும் தன்மைச் சோதனை. அது பொருளின் இயல்பைச் சொல்லும்; அப்பொருள் போய்ச் சேரும் நீரின் நிலையைச் சொல்லாது. பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் ஊரான ஊரூர் ஒல்காட் குப்பத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரிகிறது. ஊருக்கு வடக்கே அடையாறு கடலில் கலக்கிறது. 2019 நவம்பர் இறுதியில், பெருமழைக்குப் பின் சென்னைக் கடற்கரையில் வெண்ணுரை திரண்டபோது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர் மாதிரிகள் எடுத்தது. சுத்திகரிக்காத கழிவுநீரோடு வந்த சலவைத்தூள் எச்சமே முதல் ஐயத்துக்கு உள்ளானது.

சலவைத்தூள் நுரை உலகுக்குப் புதிதல்ல. 1950களில் கிளைத்த சங்கிலி கொண்ட சலவைப் பொருள்களை நுண்ணுயிரிகளால் எளிதில் சிதைக்க முடியாமல் ஐரோப்பிய ஆறுகள் நுரைத்தன. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் இயற்றியது; தொழில்துறை நேர்ச்சங்கிலிப் பொருளுக்கு மாறியது. அதற்கான மூலப்பொருள் இன்று சென்னை மணலியிலும் தயாராகிறது. இன்று பரவலாக வழங்கும் சோதனை முறை, பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1992இல் திருத்தி வெளியிட்ட 301ஆம் வழிகாட்டி. அதன் மூடிய குப்பி முறையில், ஆக்சிஜன் நிறைந்த நீரில் பொருளைச் சிறிதளவு கரைத்து, சுத்திகரித்த கழிவுநீரைச் சில துளிகள் விட்டு, 28 நாள் இருட்டில் வைப்பார்கள். பொருள் முழுதும் எரிந்தால் செலவாகக்கூடிய ஆக்சிஜனில் 60 விழுக்காடு செலவானால் தேர்ச்சி. சோடியம் பென்சோயேட் போன்ற எளிய பொருளை வைத்து நுண்ணுயிரிகளின் தரத்தையும் சரிபார்ப்பார்கள். அது 14 நாளுக்குள் தேறாவிட்டால் சோதனையே செல்லாது.

சில துளி நுண்ணுயிரிகளே தின்று தீர்க்கும் பொருளைச் சாக்கடை இன்னும் வேகமாகத் தீர்த்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், நுண்ணுயிரிகளின் எண்ணிக்கையில் இச்சோதனை உண்மையிலேயே கடுமையானது. ஆனால் ஆக்சிஜனில் அது தாராளமானது. குப்பியில் ஆக்சிஜன் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் முடிவு செல்லாது என்பது அந்த வழிகாட்டியின் விதி. கழிவுநீர் சுமக்கும் அடையாற்றின் கீழ்ப்பகுதியிலோ ஆக்சிஜன் பெரும்பாலும் மிகக் குறைவு. அடிச்சேற்றில் அது இல்லவே இல்லை. நேர்ச்சங்கிலிச் சலவைப்பொருள் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஏறக்குறைய சிதைவதே இல்லை. சென்னை வெயில் சிதைவை விரைவாக்கும் என்பதும் பாதி உண்மைதான்: 20 பாகை செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் நன்னீரில், 30 பாகையில் ஏழரைதான் கரையும்.

மக்குவதாகக் காட்டும் எல்லா அளவீடும் ஒன்றல்ல. சலவைப்பொருளை நிறத்தால் அளக்கும் மெத்திலீன் நீலச் சோதனையில் நிறம் மறைந்தால் மூலக்கூறு உருமாறியது என்றே பொருள், அழிந்தது என்றல்ல. எடுத்துக்காட்டாக, மற்றொரு வகைச் சலவைப்பொருளான நோனைல்பீனால் எத்தாக்சிலேட் உடைந்து நோனைல்பீனால் ஆகிறது. அது மூலப்பொருளைவிட மெதுவாகச் சிதைவது, மீன்களின் நாளமில்லாச் சுரப்பிகளைக் குலைப்பது.

உள்ளூருக்கேற்பச் சோதனையை மாற்றுவது நமக்குப் பழக்கமானதே. பல நாடுகள் 20 பாகையில் ஐந்து நாள் அளக்கும் உயிரிய ஆக்சிஜன் தேவையை இந்தியா 27 பாகையில் மூன்று நாளில் அளக்கிறது. அவ்வழியே, இயற்கை நீரையே கொண்டு செய்யும், அதே அமைப்பின் 309ஆம் வழிகாட்டியின்படி, மணல்மேடு முகத்துவாரத்தை அடைக்கும் கோடையில் ஒருமுறை, வெள்ளம் இறங்கும் மழைக்காலத்தில் ஒருமுறை என அடையாற்று நீரிலேயே சலவைப்பொருள்களைச் சோதிக்க வேண்டும்.